செம்மல் வாங்கிய மாத்திரை

உலகப் பெண்குலத்தின் கர்ப்பப்பையைப் பீடித்திருக்கும் சகல துன்பங்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கி, சரியாகப் பன்னிரண்டு மணிக்குள் நிரந்தரமாகத் தீர்த்துவைக்கப்படும் என்பது இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. பன்னிரண்டுக்கு மேல் சாப்பாடு.

இந்த அறிவிப்பை வெளியிட்டவர் மயிலாப்பூர் ‘மங்கையர் நல வழிகாட்டு மன்ற’த்தின் நிறுவனர், தலைவர், நிரந்தரப் பேச்சாளர், ‘மாதர் நலச் செம்மல்’ குருபிரசாத். செம்மல் பட்டத்தைக் கொடுத்தது மன்றம்தான். முன்மொழிந்தவன் அவருடைய அக்கா பிள்ளையும் மன்றச் செயலாளருமான கிச்சா. வழிமொழிந்தவர் செம்மல். மன்றத்தின் செயற்குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். தெருமுனையில் கட்டிய ஃப்ளெக்ஸில் ஒன்பது முகங்களும் வரிசையாகச் சிரித்தன. நடுவில் கர்ப்பப்பை என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் ஆட்டுத்தலை என்று நினைத்து, மயிலாப்பூரில் பிரியாணிக் கடை வருகிறதே என்று வருத்தப்பட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில்: ‘கருத்தடை மாத்திரை: புற்றுநோய்க்கு நீங்களே அனுப்பும் அழைப்பிதழ்!’ செம்மலின் சொந்த வரி. காலையில் பல் தேய்க்கும்போது வாட்ஸ்அப்பில் வந்ததை அவர் சொந்தமாக்கிக்கொண்டிருந்தார்.

செம்மலின் வீட்டில் மாளவிகா என்று ஒருத்தி இருந்தாள். மன்றத்தின் கண்ணில் படாத ஒரே மங்கை. அவருடைய மனைவி.

மாளவிகாவுக்கு முப்பத்தெட்டு வயது. மந்தைவெளியில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். எட்டு வருஷத்துக்கு முன்னால், அவள் நாலு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, ஒருநாள் ரசத்தில் புளி தூக்கலாகிவிட்டது. அதற்காகச் செம்மல் ஒரு தள்ளு தள்ளினார். சமையல்மேடையின் கிரானைட் மூலை அவள் அடிவயிற்றில் இறங்கியது. ரத்தம் தரையில் ஓடி, கேஸ் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு, கூடத்துக்கு வந்த பிறகுதான் அவர் வேஷ்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘குளியலறையில் வழுக்கி விழுந்தாள்’ என்று அவரே நிரப்பினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்று மாலை அவருக்கு ‘தாய்மையின் மாண்பு’ என்ற தலைப்பில் சொற்பொழிவு இருந்தது. போனார். ஒன்றரை மணி நேரம் பேசினார்.

காலியான வயிற்றோடு படுத்திருந்த மாளவிகா ஒரே ஒரு முடிவு எடுத்தாள். இந்த மனிதரிடம் உதை வாங்க இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்கிறவர்கள் அவளுடைய அப்பாவைக் கேட்கலாம். மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அப்பாவே டாக்சி வைத்துக் கொண்டுவந்து விட்டார். கடைசித் தடவை மாப்பிள்ளைக்கு ஒரு கிலோ ஆப்பிளும் வாங்கி வந்தார்.

அந்த வீட்டின் பூஜை அட்டவணை ரயில்வே அட்டவணையைவிடக் கடுமையானது. மாதம் இரண்டு பிரதோஷம், ஒரு சங்கடஹர சதுர்த்தி, ஒரு பௌர்ணமி. போதாததற்கு, ஆண் வாரிசு வேண்டி மாதம் ஒரு ஹோமம். மனைவி விலக்கானால் ஹோமம் கெட்டுவிடும் என்பது செம்மலின் நிரந்தரக் கவலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் மாதம் மாளவிகா அவரிடம் சொன்னாள்:

“ஏன்னா, டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கா. அதைச் சாப்பிட்டா பூஜை நாள்ல தூரம் வராது. நாம நெனைக்கற நாள்லதான் வரும்.”

“அப்படி ஒண்ணு இருக்கா?”

“இருக்கு. இருபத்தொரு நாள் விடாம சாப்பிடணும். அப்பறம் ஏழு நாள் விட்டுட்டு, திரும்பி ஆரம்பிக்கணும். தவறப்படாது.”

“தவற விடுவேனா? சீட்டைக் கொண்டா. நானே வாங்கிண்டு வரேன்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கருத்தடை மாத்திரை அந்த வேலையையும் செய்யும். தலையாய வேலை எது என்று அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

மருந்துக் கடைக்காரர் சாய்நாத், பெண்கள் சமாச்சாரம் எதுவானாலும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத்தான் தருவார். வாங்கிப் போகும் ஆண்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்ப்பது கௌரவக் குறைவு. செம்மலும் பார்த்ததில்லை. எட்டு வருஷம். நூற்றுச் சொச்சம் அட்டை. ஒவ்வொன்றையும் பக்தியோடு கொண்டுவந்து பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஹோம குண்டத்தின் முன் உட்கார்ந்து, பிள்ளை கேட்டு நெய் விட்டார். “எங்காத்துல விலக்குகூட என் டைரியைப் பார்த்துட்டுத்தான் வரும்” என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவர்கள் குடியிருந்தது முதல் மாடி. கீழே படியோரம் அமீனா பீயின் தையல் கடை. அமீனா பீக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டு ஆள் தோள். தங்கையைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்தவள். தாமதமாகக் கண்டுபிடித்ததால் போன உயிர் என்பதால், அமீனா பீ ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதே விசாரணையை ஆரம்பித்துவிடுவாள். “முப்பது தாண்டிச்சா? டெஸ்ட் எடுத்தியா?” எடுக்காதவர்களின் ரவிக்கைக்குக் கடைசிவரை ஊக்கு வைக்க மாட்டாள். சபா கச்சேரிக்குப் போக வேண்டிய எத்தனையோ பட்டு ரவிக்கைகள் அந்தக் கடையில் பணயக் கைதிகளாகக் கிடந்திருக்கின்றன. அப்படி ஒரு ரவிக்கையை மீட்கப் போய்த்தான் மாளவிகா அடையாறில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். டாக்டர் ஃபிசா பார்த்தார்.

வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தது. மறுபடி போனபோது உள்ளே கருவி வைத்துப் பார்த்த டாக்டர், ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றார்.

“பயப்படாதீங்க. ஆனா என்னன்னு தெரியாம விடவும் முடியாது. கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும். திங்கக்கிழமை காலைல ஒன்பதரைக்கு வாங்க. எத்தனை வருஷமா மாத்திரை எடுக்கறீங்க?”

“எட்டு.”

டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த எட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் மாளவிகாவுக்குத் தெருமுனை ஃப்ளெக்ஸின் வரி ஞாபகம் வந்தது. தப்பிக்க எடுத்த மாத்திரையே கொல்லப் போகிறதோ? திங்கள் ஒன்பதரை மணி என்பது அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில் நூறு நாற்காலி. ஐந்தாவது வரிசையில் மாளவிகா. பக்கத்தில் அமீனா பீ. முன்வரிசையில், டீயும் பிஸ்கட்டும் வழங்கிய கொடை வள்ளல் என்ற முறையில் மருந்துக் கடை சாய்நாத். சிறப்பு விருந்தினர், செம்மல் தேடித்தேடிப் பிடித்த பெண் டாக்டர். அடையாறு டாக்டர் ஃபிசாவேதான். மாளவிகாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. நல்ல டாக்டர்.

செம்மல் நாற்பது நிமிஷம் வரவேற்றார். பிறகு டாக்டர் மைக்கைப் பிடித்து, ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“இதை அஞ்சு வருஷத்துக்கு மேல எடுத்தா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுது. உண்மைதான். நிறுத்தினா அந்த வாய்ப்பு மெல்ல மெல்லக் குறைஞ்சுடும். இதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பைக் குறைக்கவும் செய்யுது. அதையும் சொல்லணும். ஆனா மூல காரணம் மாத்திரை இல்லை. ஒரு வைரஸ். அது இல்லாம இந்த நோய் வர்றது ரொம்ப அபூர்வம். அது உடலுறவுல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வருது.”

உடலுறவு என்ற சொல் கேட்டதும் செயற்குழு ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். செம்மல் எழுந்து மைக்கை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்கு.

“டாக்டரம்மா சின்னவங்க. வைரஸ் கிய்ரஸ்னு குழப்பறாங்க. எளிமையாச் சொல்றேன், தாய்மார்களே. பெண்டாட்டிக்கு இந்த விஷத்தை வாங்கிக் கொடுக்கறவன் புருஷனே இல்லை, கொலைகாரன். எங்காத்துல இது வாசப்படி ஏறினதில்லை!”

கிச்சா கைதட்டினான். சாய்நாத் நெளிந்தார். அவர் நேர்மையான வியாபாரி. தன் கடைச் சரக்கைப் பற்றித் தப்பான தகவல் பரவுவதை அவரால் தாங்க முடியாது. எழுந்து நின்றார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் காட்டறது நீங்க மாசாமாசம் வாங்கற அதே அட்டைதான். எட்டு வருஷமா.” டாக்டர் பக்கம் திரும்பினார். “மேடம், இந்த ஏரியாவுலயே கூச்சப்படாம தானே வந்து, சம்சாரத்துக்குக் கருத்தடை மாத்திரை வாங்கிட்டுப் போற ஒரே ஜென்டில்மேன் நம்ம சார்தான். அவரைத்தான் எல்லாரும் உதாரணமா எடுத்துக்கணும்.”

பழக்கதோஷத்தில் கிச்சா மறுபடியும் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை. அமீனா பீ மாளவிகாவின் கையைப் பிடித்தாள். 

செம்மல் கலங்கவில்லை. திட்டப்படி நன்றியுரை ஆற்றினார். பந்தியில் உட்கார்ந்தார். அப்பளம் கேட்டு வாங்கினார். பாயசம் இரண்டு தடவை.

“எங்கூடவே கடையில வந்து குந்திக்கோம்மா. மேல போவாதே” என்றாள் அமீனா பீ.

“ரிப்போர்ட் மேல இருக்கு மாமி. அது இல்லாம நாளைக்குப் போக முடியாது. எடுத்துண்டு வந்துடறேன்.”

அவள் ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது செம்மல் உள்ளே வந்துவிட்டார். கதவைத் தாழிட்டார். செருப்பைக் கழற்றி, ஜோடி பார்த்து ஸ்டாண்டில் வைத்தார். முதல் அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

இடது காதில் விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு ரீங்காரம். இரண்டாவது அடிக்கு முன்பே அவள் தலைமுடி அவர் கையில் சுற்றப்பட்டிருந்தது. தலையைச் சுவரில் மோதினார். செயற்குழு புகைப்படம் கீழே விழுந்து உடைந்தது; ஒன்பது சிரிப்பும் கண்ணாடித் தூளுக்குள் கிடந்தன.

“எட்டு வருஷம்டீ! அக்னி முன்னாடி உக்காந்து பிள்ளை கேட்டுண்டிருந்தேன். என் கையாலயே, என் கையாலயே...”

“உங்க கையாலதான் போச்சு.” வாயில் ரத்தத்தோடு சொன்னாள். “சமையல்மேடை மூலை. மறந்துடுத்தா?”

அவர் அலமாரியைத் திறந்தார். மீதி அட்டையை எடுத்தார். மாத்திரைகளைப் பிதுக்கி உள்ளங்கையில் குவித்தார். அவளைத் தரையில் தள்ளி, மார்பின் மேல் முழங்காலை ஊன்றி, தாடையை அழுத்தித் திறந்து, குவியலை வாய்க்குள் திணித்தார். “தின்னு! எல்லாத்தையும் தின்னு!” அவள் அவருடைய விரலைக் கடித்தாள். எலும்புவரை கடித்தாள். செம்மல் அலறிய அலறலில், எந்தச் சொற்பொழிவிலும் காணாத உண்மை இருந்தது.

அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. செம்மல் போய்த் திறந்தார். கிச்சா. கையில் தூக்கு.

“மாமா, மிச்சப் பாயசம்...” நிறுத்தினான். தரையைப் பார்த்தான். மாளவிகா மாமி புரண்டு படுத்து, ரத்தத்தோடு மாத்திரைகளைத் துப்பிக்கொண்டிருந்தாள். கிச்சாவின் மூளை வேகமாக வேலை செய்தது.

“மாமா,” என்றான் கவலையோடு, “ஜன்னல் தெறந்திருக்கு.”

தூக்கை மேஜையில் வைத்துவிட்டு அவனே போய் ஜன்னலைச் சாத்தினான். டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினான். பிறகு, பெரியவர்கள் விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற பண்பாட்டோடு வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். கீழே காத்திருந்த அமீனா பீயிடம், மாமி தூங்கிவிட்டாள், காலையில்தான் இறங்குவாள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

செம்மல் கைப்பையைக் கொட்டினார். செல்போன் விழுந்தது, மிதித்து உடைத்தார். ரிப்போர்ட் விழுந்தது; படித்தார்.

“வைரஸாமே! எவன்டீ? எவன்கிட்டேருந்து?”

“எனக்கு உங்களைத் தவிர யாரும் கெடையாது.”

“என்கிட்டேருந்தா? நான் செம்மல்டீ!”

இந்த வாதத்துக்குப் பிறகு குத்து. கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடிக் கழன்று, பாயசத் தூக்குப் பக்கம் போய் விழுந்தது. செம்மல் மூச்சு வாங்கியபடியே மூன்று மருத்துவ முடிவுகளை வெளியிட்டார்: இது மாத்திரையால் வந்தது, இது மாற்றானால் வந்தது, இப்படி ஒரு நோயே கிடையாது. பிறகு தீர்ப்பு:

“டெஸ்டும் வேண்டாம், கிஸ்டும் வேண்டாம். எந்தக் கத்தியும் உன் மேல படப்படாது. நாளைக்குப் பகல் ரயில்ல கும்பகோணம். அத்தையாத்துல விட்டுட்டு வந்துடறேன். நாப்பத்தெட்டு நாள் விரதம். எல்லாம் சரியாயிடும்.”

ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்தார். அவளைப் படுக்கையறைக்குள் இழுத்துப் போட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அமீனா பீ அதில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தாள். போன் போட்டாள், அணைந்திருந்தது. ஆட்டோக்காரரிடம், “தோ வந்துட்டேன் நைனா” என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது.

செம்மல் கதவைப் பாதி திறந்தார். நெற்றி நிறைய விபூதி. விரலில் கட்டு.

“இன்னா சாரே, மாளுப் பொண்ணு எங்க கீது?”

“ஊருக்குப் போயிருக்கா.”

“அப்ப உள்ள கதவத் தட்டிக்கினு கீறது யாரு?”

உண்மையிலேயே தட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தட்டி ஓய்ந்தவள், அமீனா பீயின் குரல் கேட்டதும் மறுபடி ஆரம்பித்தாள். “மாமி! மணி என்ன ஆச்சு மாமி?”

அமீனா பீ தோளால் கதவைத் தள்ளினாள். செம்மல் இரண்டடி பின்னால் போய், உடனே முன்னால் வந்து, அவள் கழுத்தில் இருந்த அளவு நாடாவைப் பிடித்து முறுக்கினார். தையல்காரியின் நாடா லேசில் அறுகாது. அவள் முகம் சிவந்து, கறுத்தது. அவள் கைக்கு அகப்பட்டது அவருடைய வேஷ்டி, இழுத்தாள். அது கையோடு வந்தது. மாதர் நலச் செம்மல் கோடு போட்ட அரை டிராயரோடு நின்று, ஒரு மாதின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்.

படுக்கையறை அலமாரியின் மேல் ‘செம்மல்’ பட்டத்தோடு மன்றம் வழங்கிய பித்தளைக் கேடயம் இருந்தது. நாலு கிலோ. கிச்சா தேர்ந்தெடுத்தது, பொதுவாழ்வில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம். மாளவிகா அதை இரண்டு கையாலும் தூக்கிக் கதவில் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் இடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது இடியில் பலகை பிளந்தது. ஐந்தாவதில் தாழ்ப்பாள் திருகோடு பிய்ந்து பறந்தது.

வெளியே வந்தவள் யோசிக்கவில்லை. கேடயத்தை வீசி நாடாவை முறுக்கிய கையில் இறக்கினாள். முழங்கை, போகக் கூடாத திசையில் மடங்கியது. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். செம்மல் நாடாவை விட்டார். அவள் இன்னொரு தடவை ஓங்கினாள். அவர் தலைக்கு நேராக ஓங்கினாள். அவர் கண்ணில் முதல் தடவையாக ஒரு கேள்வி தெரிந்தது.

“வேணாம்மா.” அமீனா பீ தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். “மண்டைய ஒடச்சா போலீஸ் ஸ்டேஷன்தான் போவணும். ஒம்போதரைக்கு டாக்டராண்ட போவணும். எது முக்கியம், சொல்லு.”

மாளவிகா கேடயத்தைக் கீழே போட்டாள். அது செம்மலின் கால் பெருவிரலில் விழுந்தது. அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

ஆட்டோ ராஜா அண்ணாமலைபுரத்தைத் தாண்டி, பாலம் ஏறி, அடையாறுக்குள் போனது. காதிலிருந்து வழிந்த ரத்தத்தை அமீனா பீ ஒரு லைனிங் துணியால் ஒற்றிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார். ஒன்பது முப்பத்தெட்டுக்கு உள்ளே நுழைந்தார்கள்.

டாக்டர் ஃபிசா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “முதல்ல காதைப் பார்க்கணும்.”

“முதல்ல அதை எடுங்கோ டாக்டர். காது எங்கேயும் போகாது. அவர் வந்துடுவார்.”

“ரிப்போர்ட்?”

“கிழிச்சுட்டார்.”

“கம்ப்யூட்டர்ல இருக்கு. அதை யாராலயும் கிழிக்க முடியாது. வாங்க.”

சதை எடுத்து, பஞ்சு வைத்து, அரை மணியில் அவள் வெளியே வந்து உட்கார்ந்தாள். காதுக்கு மருந்து வைத்தார்கள். காயங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, எப்படி ஏற்பட்டது என்று கேட்டுப் படிவத்தை நீட்டினார்கள். இந்தத் தடவை மாளவிகாவே எழுதினாள். டாக்டர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

போலீஸுக்கு முன்னால் செம்மல் வந்துவிட்டார். கிச்சாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அங்கவஸ்திரத்தைக் கழுத்தில் தூளி கட்டி, அதில் கையைப் போட்டுக்கொண்டு வந்தார். காத்திருப்பு அறையில் முப்பது பெண்கள் இருந்தார்கள். முப்பது பேரைச் சேர்ந்தாற்போலப் பார்த்தால் செம்மலால் பேசாமல் இருக்க முடியாது.

“தாய்மார்களே! இதோ உக்காந்திருக்காளே, இவளைப் பாருங்கோ. இவ புருஷனை ஏமாத்தி மாத்திரை தின்னவ. அதனால வந்த வியாதி இது. இல்லேன்னா வேற எவனோ கொடுத்த வியாதி. டாக்டர், நீங்களே சொல்லுங்கோ, அந்த வைரஸ் எவன்கிட்டேருந்து வந்தது?”

டாக்டர் ஃபிசா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். “சொல்ல முடியாது சார். பல வருஷம் சத்தம் போடாம உள்ள இருக்கும். இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்துட்டுப் போறதுதான். உங்களுக்கும் இருந்திருக்கும். ஆம்பளைங்களுக்கு இதுக்கு வழக்கமா டெஸ்ட் பண்றதில்லை.”

“எனக்கா?” நல்ல கை மேலே எழுந்தது. டாக்டரை நோக்கி எழுந்ததா, மாளவிகாவை நோக்கி எழுந்ததா என்று பிற்பாடு கேட்ட இன்ஸ்பெக்டரிடம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம், அது இறங்கவே இல்லை.

பட்டினப்பாக்கத்திலிருந்து வந்திருந்த மீன்காரம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். “இன்னா நைனா, பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து கைய நீட்டுறே?”

“விடுடீ கையை!”

‘டீ’தான் தப்பு. அடுத்த ஒன்றரை நிமிஷத்தில் நடந்ததை வரிசைப்படுத்துவது கடினம். முதலில் விழுந்தது தண்ணீர் பாட்டில். பிறகு டிபன் கேரியர். அதன் மூடி திறந்து லெமன் சாதம் விபூதியில் கலந்தது. ஸ்கேன் கவரால் அடித்தால் வலிக்காது என்று கண்டுகொண்டவர்கள் செருப்புக்கு மாறினார்கள். டி.நகரிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வந்து உதைத்தார். ஒடிந்த முழங்கையின் மேல் யாரோ ஏறினார்கள். செம்மலின் மூக்கும் தாடையும் உடைந்தன. சங்கீதம் போல் ஆரம்பித்த அலறல் விசும்பலில் முடிந்தது. கிச்சா கதவோரம் நின்றிருந்தான். அங்கே சாத்துவதற்கு ஜன்னல் இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாளவிகா எழுந்திருக்கவில்லை. ரத்தம் கட்டிய கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை, துக்கமும் இல்லை. “எப்போ தெரியும் டாக்டர்?” என்று கேட்டாள்.

“பத்து நாள்.”

அந்தப் பத்து நாளும் அவள் தையல் கடையின் உள்ளறையில், ஊக்கு வைக்காத ரவிக்கைகளுக்கு நடுவே படுத்துக்கிடந்தாள். அப்பா ஒரு நாள் வந்தார், டாக்சியோடு. அமீனா பீ கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து, “இன்னா பெர்சு?” என்று கேட்டாள். அவர் அதே டாக்சியில் திரும்பிப் போனார். செம்மலை போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தாடையில் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவரால் பேச முடியவில்லை என்றும், அந்த வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் வேகமாகத் தேறி வந்ததாகவும் தகவல்.

பதினோராம் நாள் டாக்டர் ஃபிசா திரையைப் பார்த்துப் படித்தார். புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய நிலை. விட்டிருந்தால் சில வருஷங்களில் ஆகியிருக்கக்கூடும்.

“மாத்திரையாலயா டாக்டர்?”

“வைரஸால. மாத்திரை கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம். எவ்வளவுன்னு உங்க ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது. இனிமே வேண்டாம், நிறுத்திடுங்க.”

“இனிமே தேவைப்படாது.”

அன்றைக்கே செய்துவிடலாம் என்றார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, அந்தத் திட்டை எடுத்துவிட்டார்கள். பதினைந்து நிமிஷம் ஆயிற்று, வலிக்கவில்லை.